லக்கல ஆற்றுயிர்க் காப்பு

லக்கல, இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் நக்கிள்ஸ் (தும்பறை) மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உள்ள பிரதேசம். பல்லேகம வழியாக ஓடும் களு கங்கை அம்பன் கங்கையிலும், அது பின்னர் மகாவலியிலும் கலக்கிறது. களுத்துறையில் கடல் சேரும் களு கங்கை வேறு. லக்கல ஆறுகளையும் அவற்றின் மீன்களையும் காக்க அரசசார்பற்ற அமைப்புகள் எடுத்த முயற்சிகளை இக்கட்டுரை கூறுகிறது. அந்த முயற்சிகளுக்கு அடிப்படையாக அமைந்தது மீன்களுக்குப் பெயரிட்ட பணி. பெயரில்லாத உயிருக்காக எந்தச் சட்டமும் வாதாட முடியாது.

மீன்களும் பெயர்களும். மகாவலிப் படுகைக்கே உரிய லேபியோ ஃபிஷெரி என்னும் மீனை அமெரிக்க மீனியலாளர்கள் ஜோர்டானும் ஸ்டார்க்ஸும் 1917இல் விவரித்தனர். பெரும் பாறைகளுக்கிடையே ஆழமாகவும் வேகமாகவும் ஓடும் நீரே அதன் வாழிடம். 1985இல் இலங்கைச் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க களு கங்கையில் வாழும் பெத்தியா என்னும் சிறு கெண்டையின மீன் ஒன்றைப் புதிய இனமாக அறிவித்தார். இதன் ஆண் மீனின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் இழைபோல நீண்டிருக்கும். புன்டியஸ் சிறிலங்கென்சிஸ் என்று பெயர் பெற்ற இது, 2012இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரால் அமைந்த டாக்கின்சியா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. ஒரு தீவின் பெயரைத் தாங்கிய இம்மீனின் உலகம் களு கங்கையும் அதையொட்டிய சில கிளையாறுகளும்தான். அம்பன் கங்கைப் படுகையின் மற்றொரு பெத்தியாவுக்கு 1991இல் மீனியலாளர்கள் கொட்டெலாவும் ரொஹான் பெத்தியகொடவும் மார்ட்டின்ஸ்டைனி எனப் பெயரிட்டனர். கடற்படை அதிகாரியும் மீன் ஆர்வலருமான செட்ரிக் மார்ட்டின்ஸ்டைனின் நினைவு அதில் நிலைத்தது. அவர் 1996 ஜனவரியில் இலங்கையின் வடக்குக் கடலுக்கு மேலே ஹெலிகொப்டருடன் காணாமற்போனார். மூன்று இனங்களும் அச்சுறுத்தலுக்குள்ளானவை என வகைப்படுத்தப்பட்டவை. இவற்றை ஏற்றுமதி செய்வதும் தடைசெய்யப்பட்டுள்ளது. வளர்ப்பு மீன் வணிகத்துக்காகப் பிடிக்கப்படுவது இவற்றுக்குப் பெரிய ஆபத்தாக இருந்தது.

அமைப்புகள். நூல்களில் பதிவானவை பெரும்பாலும் கொழும்பைத் தளமாகக் கொண்டவை. அவற்றுள் மூத்தது வனசீவராசிகள் மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். 1894இல் வேட்டைக்காரர்களின் சங்கமாகத் தோன்றிய இது மெல்லக் காப்புப் பணிக்குத் திரும்பியது. 1981இல் அமைந்த சுற்றாடல் மன்றம் நீதிமன்ற வழியைத் தேர்ந்தது. பெத்தியகொட 1990இல் நிறுவிய வனசீவராசிகள் மரபுரிமை நம்பிக்கை நிதியம், இலங்கையின் நன்னீர் மீன்கள் பற்றிய அவரது நூலை 1991இல் வெளியிட்டது. நீருக்கடியில் என்ன இருக்கிறது என்று நாட்டுக்குக் காட்டிய நூல் அது. லக்கல மீன்களின் பெயர்கள் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்ததற்கு அதற்கே முதல் நன்றி.

காடும் நீரும். ஆற்றைக் காக்கும் முதல் அரண் மலைக்காடு. 1873இல் ஆங்கிலேய அரசு ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காலநிலைக் காப்புக்காக ஒதுக்கியது. கீழ்ச்சரிவுகளில் ஏலக்காய்ப் பயிர் பரவியது. காட்டின் மேல்மரங்கள் நின்றாலும், ஏலக்காய்க்காக அடிநிலைச் செடிகள் வெட்டப்பட்டன. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாத மலைக்காடு, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமையானது.

அணைகள். களு கங்கை, மொரகஹகந்த நீர்த்தேக்கங்கள் வட மத்திய மாகாண வயல்களுக்கு நீர் தருவதற்காகக் கட்டப்பட்டவை. சுமார் 248 மில்லியன் கன மீட்டர் கொள்ளும் களு கங்கை நீர்த்தேக்கம் பழைய பல்லேகம நகரை மூழ்கடித்தது. மக்கள் புதிய லக்கல நகருக்குக் குடியேறினர். உழவருக்கு நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓடும் நீரில் உருவான மீன்களுக்குத் தேங்கும் நீர் வீடாகாது. அங்கே பெருகுவது 1952இல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா. அணைக்கு மேலுள்ள மலையோடைகள் இன்றும் ஆற்று மீன்களுக்குப் புகலிடம்.