மின்விமானமும் வான்வழி அபாயமும்: ஒரு வரலாற்று நோக்கு

விமானத்தின் வரலாறு பெரும்பாலும் வெற்றிப் பறப்புக்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், ஓர் ஊர்தியின் இயல்பினை அது செவ்வனே இயங்கும் வேளையிலும் பார்க்கத் தவறும் வேளையே தெளிவாகப் புலப்படுத்துகின்றது. மின்விசையால் இயங்கும் சிறு விமானங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1973 ஒக்ரோபர் 21ஆந் திகதி ஒஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஹைனோ பிரிட்ஷ்கா, நிக்கல்-கட்மியம் கலங்களால் இயங்கிய எம்.பி.-ஈ1 என்னும் விமானத்தைச் செலுத்தினார். மனிதரைச் சுமந்து மின்விசையாற் பறந்த முதல் விமானம் அதுவே. பறப்பு கால்மணி நேரத்தையும் எட்டவில்லை. எனினும் அது மோட்டர் பூட்டிய கிளைடர். ஆதலின் மின்விசை அற்றுப்போனாலும் சறுக்கி இறங்கவல்லது. அபாயத்துக்கான விடை சிறகின் வடிவிலேயே அடங்கியிருந்தது.

பின்னர் வந்த இலிதியம் கலங்கள் பறப்பின் நேரத்தை நீட்டின; அதனுடன் புதியதோர் அச்சத்தையும் கொணர்ந்தன. அளவுக்கு மிஞ்சிச் சூடேறிய கலம் அடுத்த கலத்தையும் சூடேற்றும். அவ்வாறு தொடங்கிய தீயை வானில் அணைப்பது அரிது. 2015ஆம் ஆண்டு சூரிய ஒளியில் இயங்கிய சோலார் இம்பல்ஸ் 2 ஜப்பானிலிருந்து ஹவாய் நோக்கிப் பறந்தபோது, கண்காணிப்புக் கருவியிற் கோளாறு தோன்றியது. திரும்பிவிடுமாறு தரையிலிருந்த பொறியியலாளர் கூறினர். விமானி அந்திரே போர்ஷ்பேர்க் தொடர்ந்து சென்றார். முதல்நாள் ஏற்றத்திலேயே கலங்கள் மிகையாகச் சூடேறின. பகலில் உயர ஏறி இரவில் தாழ இறங்கவேண்டிய பறப்பாதலின், அவற்றைக் குளிர்விக்க வழியிருக்கவில்லை. 117 மணி 52 நிமிடங்களின் பின் அவர் பத்திரமாக இறங்கினார். ஆயினும் கலங்கள் பழுதுற்றமையால் 2016 ஏப்பிரல் வரை பயணம் தடைப்பட்டது.

2019 ஓகஸ்ற் 14ஆந் திகதி நோர்வேயில், அரச விமானநிலைய நிறுவனத்தின் தலைவர் செலுத்திய ஆல்பா எலெக்ட்ரோ விமானம் வலுவிழந்தது. அவர் அதனை அரெண்டால் அருகே ஓர் ஏரியில் இறக்கினார். அவரும் உடன்சென்றவரும் உயிர்தப்பினர். மின்விமானத்துக்கெனத் தனிமந்திரம் எதுவும் அங்கு உதவவில்லை. வேகத்தைக் காத்து, எட்டும் தூரத்தில் இடந்தெரிந்து இறங்குதல் என்னும் பழைய விதியே உதவிற்று.

2020 யூன் மாதத்தில் ஐரோப்பியப் பாதுகாப்பு நிறுவனத்தின் வகைச் சான்றிதழைச் சுலோவேனியாவின் வேலிஸ் எலெக்ட்ரோ பெற்றது. முழுமையாக மின்விசையில் இயங்கும் விமானமொன்று இச்சான்றிதழைப் பெற்றது அதுவே முதன்முறை. அதில் இரு கலத்தொகுதிகள் உள. ஒன்று பழுதுற்றால் அது தானாகவே துண்டிக்கப்பட, மற்றையது பறப்பைத் தொடரப் போதிய வலுவை அளிக்கும். திரவமொன்று அவற்றைக் குளிர்விக்கின்றது.

இவ்வளர்ச்சியில் ஒரு மாற்றம் கருதத்தக்கது. எண்ணெய் இயந்திரத்தின் கோளாறு பலவேளைகளில் ஓசையாலும் அதிர்வாலும் விமானிக்குப் புலனாகும். மின்மோட்டரோ பெரும்பாலும் எண்களாலேயே பேசுகின்றது. எனவே செவியின் பொறுப்பு கண்ணுக்கு மாறியது. விமானியின் பணியிற் பாதி கண்காணிக்கும் கருவிக்குச் சென்றது. ஆனால், 2015இல் ஐயத்துக்கு இடமாகியதும் அக்கருவியே. கருவி எச்சரிக்கலாம், எங்கே, எப்பொழுது இறங்குவது என்னும் தீர்ப்பு இன்னும் மனிதனுடையதே.