ஒரு வேரில் இரு சொற்கள்

ஆங்கிலத்தில் 'கெஸ்ட்' என்பது விருந்தினரையும், 'ஹோஸ்ட்' என்பது விருந்தளிப்பவரையும் குறிக்கும். வருபவர் ஒருவர், வரவேற்பவர் மற்றொருவர் என இவற்றை எதிர்ப்பொருட் சொற்களாகவே நாம் பள்ளியிற் பயின்றோம். ஆயினும் இவ்விரண்டும் ஒரே வேரிற் கிளைத்தவை என்பர் மொழிநூலார். இந்தோ-ஐரோப்பிய மூலமொழிக்குரிய அவ்வேர், அயலாரையும், அவரோடு நாம் கொள்ளும் பரஸ்பரக் கடமையையும் ஒருசேரச் சுட்டியது என்பது அவர்தம் துணிபு.

'கெஸ்ட்' ஜெர்மானியக் கிளையிற் பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் அதன் முதலொலி யகரத்தை ஒத்திருந்தது. இன்றைய ககர ஒலி, 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்திற் குடியேறிய ஸ்காண்டினேவியரின் மொழித்தொடர்பால் நிலைபெற்றது என்பர். விருந்தினரைக் குறிக்கும் சொல்லையே வந்தவர்கள் தம் ஒலியால் மாற்றியமைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

'ஹோஸ்ட்' வந்த வழி வேறு. லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' என நின்ற சொல், பழைய பிரெஞ்சில் உருமாறி, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது. லத்தீனில் அது விருந்தினர், விருந்தளிப்பவர் ஆகிய இருவரையுமே குறித்தது. உரோமரிடையே விருந்துறவு தலைமுறை தலைமுறையாகத் தொடரும் உரிமை. அடையாள வில்லையொன்றை இருகூறாக்கி ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வர். பின்னாளில் பாதிகள் பொருந்தினால் வீடு திறக்கும். இன்று அளித்தவர் நாளை பெறுபவர் ஆதலின், இருவர்க்கும் ஒரு சொல்லே போதுமாயிற்று. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் ஆகியனவும் இக்குடும்பத்தனவே.

இதே வேரில் மற்றொரு சொல்லும் உண்டு. லத்தீன் 'ஹோஸ்டிஸ்' முன்னாளில் அயலாரைக் குறித்துப் பின்னர்ப் பகைவரைக் குறிக்கலாயிற்று. இம்மாற்றத்தைக் கி.மு. 44இலேயே சிசரோ தம் நூலொன்றிற் சுட்டியுள்ளார். பகைமையுணர்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஹாஸ்டைல்' இதன் வழிவந்ததே. வாசலில் நிற்கும் அயலார் உறவினராவதும் பகைவராவதும் திறக்கும் கையைப் பொறுத்ததன்றோ!

சொல் மனிதரைக் கட்டிவைப்பதும் உண்டு. மேற்கு ஜெர்மனி 1955இல் இத்தாலியோடும், 1961இல் துருக்கியோடும் உடன்படிக்கை செய்து தொழிலாளரை வரவழைத்து, அவர்களை 'விருந்தினத் தொழிலாளர்' என்றழைத்தது. ஆள்சேர்ப்பு 1973இல் நின்றது. பலர் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கினர். அங்குப் பிறந்த குழந்தைகளையும் 'விருந்தினர்' எனும் பெயரே தொடர்ந்தது. வெளிநாட்டினரின் குழந்தைகளுக்குச் சில நிபந்தனைகளுடன் பிறப்பால் குடியுரிமை தரும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

நம் தமிழ் இதனை எளிதில் விளக்குகிறது. 'விருந்து' என்பதற்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாகப் புனையப்படும் செய்யுளைத் தொல்காப்பியர் இப்பெயராலேயே குறித்தார். ஆகவே எவரும் என்றென்றும் விருந்தினராய் இருத்தல் இயலாது. புதுமை தீர்ந்தால் அவர் ஊராரே.

பெட்டி படுக்கையோடு நம் முன்னோர் இவ்வூர் நிலையத்தில் இறங்கிய நாளில், மொழி புரியாமலே இடம் கொடுத்தவர்கள் இருந்தனர். அந்த வில்லையின் ஒரு பாதி இன்று நம் கையில் உள்ளது. முகவரிச் சீட்டோடு நம் கதவைத் தட்டுபவர் எம்மொழியினராயினும், மறுபாதி அவரிடம் உள்ளதெனக் கொள்வோமாக.