வேலூரில் பெண்களுக்கான கிறித்தவ மருத்துவப் பணி: ஐடா ஸ்கடர் முதல் மேரி வர்கீஸ் வரை

திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1911 வரை அது வேலூரும் இராணிப்பேட்டையும் அடங்கிய வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதி. அந்த ஆண்டு சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. எல்லைப் போராட்டத்திற்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. மாவட்டப் பெயர்கள் மாறினாலும் இந்த வட்டார மக்கள் படிப்புக்கும் வைத்தியத்திற்கும் வேலூரை நோக்கிச் செல்வது மாறவில்லை. திருத்தணிப் பகுதியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பயின்ற கல்லூரிகளுள் ஒன்று வேலூர் ஊரீசு கல்லூரி. அதை நடத்தியது ஆர்க்காடு மிஷன் என்னும் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் அமைப்பு. பெண்களுக்கான மருத்துவப் பணி வேலூரில் வளர்ந்ததும் இதே மிஷனிலிருந்துதான்.

கிறித்தவ சமயம் இப்பகுதிப் பெண்களுக்கு என்ன அளித்தது என்ற கேள்விக்குப் பொதுவாக ஆறுதல், செபம், நம்பிக்கை என்று விடை சொல்வார்கள். வேலூர் வரலாறு அதற்கு மேலும் ஒன்றைக் காட்டுகிறது. இங்கே நம்பிக்கை பெண்களின் கையில் ஒரு தொழிலைக் கொடுத்தது. அந்தத் தொழிலே பலருக்கு வலிமையாகவும் வாழ்வின் நோக்கமாகவும் அமைந்தது.

தொடக்கம்

ஸ்கடர் குடும்பம் தமிழருக்குப் புதியதன்று. மூத்தவரான ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவ மிஷனரி. அவருடைய மக்கள் பலரும் மிஷன் பணிக்கே வந்தனர். 1853இல் ஆர்க்காடு மிஷனை அமைத்தவர்களும் அவர்களே. அவருடைய பேத்தியான ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார்.

ஐடாவுக்கு மிஷனரி வாழ்க்கையில் விருப்பமில்லை. சிறுமியாக இருந்தபோது பஞ்சத்தையும் வறுமையையும் நேரில் கண்டவர். அமெரிக்காவில் வசதியாக வாழவே எண்ணினார். பள்ளிப்படிப்பு முடிந்தபின் நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள மட்டுமே இந்தியா திரும்பினார். அப்போது பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். 1890களின் தொடக்கத்தில் அங்கே ஓர் இரவு நடந்ததை அவர் பிற்காலத்தில் பலமுறை எடுத்துரைத்துள்ளார். பேறுகால வேதனையிலிருந்த மனைவியைக் காப்பாற்றும்படி வேண்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வீட்டுக்கு வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவரும் உயர்சாதி இந்து. மருத்துவரான தந்தையை அனுப்பலாம் என்றார் ஐடா. அந்நிய ஆண் தம் மனைவியைப் பார்ப்பதை மூவருமே ஏற்கவில்லை. அவர்கள் தேடி வந்தது ஐடாவை. அவருக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

இந்நிகழ்வை மக்களின் அறியாமைக்குச் சான்றாகச் சொல்வோர் உண்டு. அது முழு உண்மையாகாது. அந்த ஆண்கள் அகால வேளையில் வேற்றுச் சமயத்தார் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். மனைவியைக் காப்பாற்ற விரும்பியவர்கள். அங்கே இல்லாமற்போனது ஒரு பெண் மருத்துவர். சென்னையில் மேரி ஷார்லிப் முயற்சியால் சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை 1885இலேயே தொடங்கப்பட்டிருந்தது. மாவட்டங்களில் பேறுகாலம் பெரும்பாலும் ஊர் மருத்துவச்சியின் கையிலேயே இருந்தது.

மறுநாளே ஐடா தம் முடிவைப் பெற்றோரிடம் சொன்னார். அமெரிக்காவிலும் பெண்களுக்கு மருத்துவக் கல்வி எளிதாகக் கிடைத்த காலம் அன்று. முதலில் பென்சில்வேனியாவின் மகளிர் மருத்துவக் கல்லூரியில் பயின்றார். பின்னர், 1898இல் தொடங்கப்பட்டபோதே பெண்களையும் சேர்த்துக்கொண்ட கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899இல் பட்டம் பெற்றார்.

ஓர் அறையிலிருந்து மருத்துவமனை

1900இன் தொடக்கத்தில் ஐடா வேலூரில் பணியைத் தொடங்கினார். உடன் பணியாற்றிப் பழகலாம் என்று அவர் எண்ணியிருந்த தந்தை அதே ஆண்டு மறைந்தார். மிஷன் பங்களாவின் சிறு அறையே முதல் மருந்தகம். சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணே முதல் உதவியாளர். ஐடாவைப் பற்றிப் பேசுவோர் பலர் சலோமியைக் கடந்து போய்விடுகிறார்கள். புதிதாக வந்த மருத்துவரிடம் நோயாளிகள் வரத் தயங்கிய நாட்களில் அவர்களுடைய மொழியையும் அச்சத்தையும் அறிந்த ஒரு பெண் அருகில் இருந்தது சிறிய உதவியன்று. முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 நோயாளிகள் சிகிச்சை பெற்றனர்.

அமெரிக்கச் செல்வர் ராபர்ட் ஷெல் தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. அது பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரியது. ஐடாவுடன் வந்த தோழி ஆனி ஹான்காக் மருத்துவர் அல்லர். வீடுகளுக்குச் சென்று பெண்களோடு பேசிப் பழகியவர். அக்கால மிஷன்களில் உள்ளூர்ப் பெண்களும் இப்பணியைச் செய்தனர். 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட அவர்கள், அந்தப்புரப் பெண்களுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டினர்; விரும்பியவர்களுக்கு எழுத்தும் கற்பித்தனர். அவர்களுள் விதவைகளும் பலர். வீட்டின் மூலையில் முடங்கும்படி சமூகம் சொல்லியிருந்த ஒரு பெண், புத்தகத்தோடு தெருவில் தனியாக நடந்துபோய் ஊதியம் பெறுவது அன்றைக்குச் சாதாரணக் காட்சியன்று. இதில் மதமாற்ற நோக்கமும் இருந்தது. அதை மறைத்து எழுத வேண்டியதில்லை.

1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களுக்காக வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையோரத்தில் வாரந்தோறும் மரத்தடி மருந்தகங்கள் நடந்தன. முதலில் மாட்டுவண்டியிலும் பின்னர் ஒரு சிறிய பிரெஞ்சு மோட்டார் வண்டியிலும் ஐடா குழுவினர் சென்றனர்.

பெண்களுக்கான மருத்துவப் பள்ளி

எத்தனை படுக்கைகள் கூட்டினாலும் ஒரு மருத்துவரால் ஒரு மாவட்டத்தைக் காக்க முடியாது. இந்தியப் பெண்களையே மருத்துவராக்க வேண்டும் என்ற முடிவுக்கு ஐடா வந்தது இதனால்தான். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றிருந்தார். ஆயினும் அவ்வழியில் செல்ல முடிந்த பெண்கள் மிகச் சிலரே. வேலூரில் பள்ளி தொடங்கினால் மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று மாகாண மருத்துவத் துறைத் தலைவர் கருதினார். வந்தவை 151. 1918 ஆகஸ்டில் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். முதல் ஆண்டுத் தேர்வில் ஆண்கள் பெரும்பாலோர் தவறியிருக்க, வேலூர் மாணவியர் 14 பேரும் தேறினர். அந்த முதல் அணி 1922இல் வெளிவந்தது.

மாணவியரின் அன்றாட வாழ்வு செபத்தோடு தொடங்கியது. பணிவிடை பெறுவதைவிடப் பணிவிடை செய்வதே மேலானது என்னும் வேதாகமக் கருத்தே நிறுவனத்தின் குறிக்கோள். பெண்ணுக்குப் பணிவிடையைப் போதிப்பது புதிதா என்று இன்றைய வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டுக்குள் கூலியும் பெயரும் இல்லாமல் செய்த பணிவிடை வேறு. உடற்கூறு கற்று, தேர்வெழுதி, கத்தியைக் கையில் பிடித்து, முடிவைத் தானே எடுக்கும் பணிவிடை வேறு. வேலூர் கற்பித்தது இரண்டாவதை.

1938இல் பெரிய சோதனை வந்தது. குறைந்த தகுதிப் பட்டயப் படிப்பை நிறுத்திப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயர்த்த வேண்டும் என்று சென்னை அரசு வலியுறுத்தியது. அதற்குப் பேராசிரியர்கள், படுக்கைகள், பெருந்தொகை எல்லாம் தேவை. ஆண் மாணவர்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களின் உதவி கிடைக்கும் என்ற யோசனை எழுந்தது. அமெரிக்காவில் பெண்கள் பெண்களுக்கெனத் திரட்டித் தந்த பணத்தில் வளர்ந்த நிறுவனம் இது. நீண்ட காலம் துணைநின்ற லூசி பீபடி இம்மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். மூடிவிடுவதைவிடப் பகிர்ந்துகொள்வது மேல் என்ற பக்கத்துக்கு ஐடா வந்தார். முதிய வயதில் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்புகள் தொடங்கின, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். விடுதலைக்குப் பின் பொறுப்பேற்ற முதல் இந்திய இயக்குநர் ஹில்டா லாசரஸ், விசாகப்பட்டினத்தில் பிறந்த பெண் மருத்துவர். ஐடா 1960 மே மாதத்தில், திருத்தணி தமிழகத்துக்கு வந்த அடுத்த மாதம், மறைந்தார்.

மேரி வர்கீஸ்

வேலூரில் பயின்ற பெண்களுள் தனியே குறிப்பிடத்தக்கவர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சியில் பிறந்தவர். அறுவை மருத்துவத்தில் நாட்டம் கொண்டவர். 1954 ஜனவரி 30 அன்று சென்ற வண்டி விபத்துக்குள்ளானதில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். முகத்திலும் ஆழ்ந்த காயங்கள். இனி எழுந்து நடக்க முடியாது என்றானபோது அவருக்கு வயது 28.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையின் மூலம் நிமிர்த்திவந்தார். இவ்வகை அறுவை உட்கார்ந்தே செய்யக்கூடியது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே இதைச் செய்யலாமே என்று அவர் மேரியை ஊக்குவித்தார். நம்பிக்கையோடு இரு என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. செய்வதற்கு ஒரு வேலையையும் காட்டினார். மேரி அதைக் கற்றுக்கொண்டு தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நடக்க முடியாத மருத்துவர், விரல் விரிக்க முடியாத நோயாளியின் எதிரே தாழ்ந்த மேசையில் அமர்ந்திருந்த அந்தக் காட்சியில் யார் யாருக்கு ஆறுதல் சொன்னார் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும், நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவப் பயிற்சியும் பெற்றுத் திரும்பினார். வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டோர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மேரி, 1986இல் காலமானார். மரமேறி விழுந்தவர்களும், கிணற்றில் தவறி விழுந்தவர்களும், சாலை விபத்தில் அடிபட்டவர்களும் இன்றும் அவர் பெயர் தாங்கிய அந்நிலையத்துக்குத் தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வருகிறார்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும், புண் வராமல் உடலைக் காப்பதும், மீண்டும் ஒரு தொழில் செய்வதும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. கூடவே தங்கும் தாய்க்கும் மனைவிக்கும் பயிற்சி உண்டு. வீடு திரும்பிய பின் அன்றாடம் கவனித்துக்கொள்ளப் போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம்.