பணியும் மணமும்: மகளிர் தலைமை வரலாற்றில் ஒரு நிபந்தனை

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் ஊழியம் செய்யும் ஆயர்கள் தம் சபைக் குடும்பங்களை எண்ணிப் பார்ப்பாராயின், அலுவலகங்களிலும் தொழிற்கூடங்களிலும் பணியாற்றும் மகளிர் பலரைக் காண்பர். 1964ஆம் ஆண்டில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும், ஆவடியிலுள்ள பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளும் இப்பகுதியின் வாழ்க்கை முறையையே மாற்றியமைத்தன. இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே திருமுல்லைவாயிலில் மகளிர் தொழில்முனைவோருக்கென்றே ஒரு தொழிற்பேட்டையும் உள்ளது. இவ்வளவு மாற்றம் நேர்ந்தபின்னரும், ஆலயத்தில் திருமண ஓலை வாசிக்கப்படுமுன் நடைபெறும் பேச்சுகளில், “பெண் வேலையை விட்டுவிடுவாளா?” என்னும் வினா எழாமல் இல்லை. மணமகனைக் குறித்து எவரும் இவ்வாறு வினவுவதில்லை. இவ்வினா வீட்டில் மட்டும் பிறந்ததன்று. நாட்டின் சட்ட விதிகளிலேயே ஒரு காலத்தில் அது எழுதப்பட்டிருந்தது. அவ்வரலாற்றை ஆயர்கள் அறிந்திருத்தல் நலம்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, அரசுப் பணியில் பால் வேற்றுமை பாராட்டலாகாது என்று 16ஆம் பிரிவில் உறுதி கூறிற்று. அதற்கு அடுத்த ஆண்டில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி அன்னா ராஜம் ஜார்ஜ் ஆவார். கேரளத்தில் பிறந்து, கோழிக்கோட்டில் வளர்ந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். நேர்முகத் தேர்வுக் குழுவினர், பெண்களுக்கு ஏற்றவை வேறு பணிகளே என்று அறிவுறுத்தியும், அவர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தேர்வு பெற்ற அவருக்கு வந்த நியமன ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்னும் நிபந்தனை இடம்பெற்றிருந்தது.

சென்னை மாநிலத்திற்கு வந்த அவரை மாவட்டப் பொறுப்பில் அமர்த்த முதலமைச்சர் இராஜாஜி தயங்கினார். தலைமைச் செயலகப் பணியே தகுமென எண்ணினார். குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் ஆடவரைப் போன்றே தாமும் பயின்றிருப்பதை எடுத்துக்காட்டி அன்னா ராஜம் வாதாடினார். முடிவில் ஓசூரில் துணை ஆட்சியராக அமர்த்தப்பட்டார். பின்னாளில் அவர்தம் பணியை இராஜாஜியே பொதுமேடையில் பாராட்டினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அந்த நிபந்தனையும் காலப்போக்கில் நீங்கிற்று. அவர் தம்மைப் போன்றே ஆட்சிப் பணியில் இருந்த ஆர். என். மல்ஹோத்ராவை மணந்தார், மும்பைக்கருகே நவசேவா துறைமுகம் உருவானபோது அதன் தலைவராகவும் விளங்கினார். 1989இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 2018இல் மறைந்தார்.

சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் மாணவியும் குடகு நாட்டவருமான சி. பி. முத்தம்மாவின் வாழ்வு இதனினும் தெளிவாக உண்மையை உணர்த்துகிறது. 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்மணி இவரே. 1970இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதரானார். எனினும் உயர் நிலைப் பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. அக்காலத்து வெளியுறவுப் பணி விதிகளின்படி, பெண் அலுவலர் மணம் புரியுமுன் அரசின் அனுமதியை எழுத்து மூலம் பெறல் வேண்டும். குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவர் பதவி விலக வேண்டும். மணமான பெண்ணுக்கு இப்பணியில் நியமனம் பெற உரிமையில்லை எனவும் மற்றொரு விதி கூறிற்று.

முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. ஆகவே 1979ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மனு தள்ளுபடியாயிற்று. ஆயினும் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அவ்விதிகளை வன்மையாகக் கண்டித்தார். குடும்பப் பொறுப்பு பெண் அலுவலருக்கு இடையூறாகுமெனில், ஆண் அலுவலருக்கும் அவ்வாறே ஆகலாமன்றோ என்பது அவர்தம் வாதத்தின் சாரம். விதிகளில் ஒன்று 1973லேயே நீக்கப்பட்டிருந்தது. மற்றதும் நீக்கப்பட இருப்பதாக அரசு தெரிவித்தது. முத்தம்மா இறுதிவரை மணம் புரியவில்லை.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. 1956–57இல் சென்னை மாநகரின் முதல் பெண் மேயராகப் பொறுப்பேற்ற தாரா செரியன், மணமானவர். அவர்தம் கணவர் டாக்டர் பி. வி. செரியனும் முன்னர் அதே பதவியை வகித்தவரே. மணமான பெண்ணால் ஒரு மாநகரின் தலைமையை ஏற்க இயலும் என்பது ஊரறிய விளங்கிய பின்னரும், அரசின் பணி விதிகள் ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிந்தியே திருந்தின. ஆகவே, தடையாயிருந்தது பெண்ணின் திறமைக் குறைவன்று. நிபந்தனை விதித்தோரின் மனப்பான்மையே எனலாம்.

இவ்விடத்தில் திருச்சபை தன்னையும் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். நம் நாட்டில் பெண்கல்விக்கும் மருத்துவத்திற்கும் வித்திட்ட மிஷனெரிப் பெண்மணிகளுள் பலர் மணமாகாதவர். வேலூரில் ஐடா ஸ்கடரும், 1915இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரியின் முதல் முதல்வரான எலினார் மக்டூகலும் அத்தகையோரே. இறைவன் அருளும் வரமாக ஏற்கப்படும் மணத்துறவு மதிப்புக்குரியது. ஆனால் ஒருத்தி விரும்பி ஏற்கும் அழைப்பு வேறு. மற்றவர் அவள்மீது சுமத்தும் விலை வேறு. முன்னதன் பெருமையைக் கொண்டு பின்னதை நியாயப்படுத்துதல் தகாது.

திருமறை அவ்வாறு செய்யவில்லை. இஸ்ரவேலை நியாயம் விசாரித்த தெபொராள் லபிதோத்தின் மனைவி. பிரிஸ்கில்லாள் தன் கணவன் ஆக்கில்லாவோடு கூடாரத் தொழிலும் செய்தாள். அப்பொல்லோவுக்கு இறைநெறியையும் விளக்கினாள். இல்லறமும் தொழிலும் ஊழியமும் அவளிடத்தில் ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1976இல் எலிசபெத் பால் அம்மையாரை முதல் பெண் குருவாக அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்பா லலிதா அம்மையார் அதன் முதல் பெண் பேராயரானார். வாயில் திறந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் உள்ளே வருவோரிடம் நாம் என்ன விலை கேட்கிறோம்? மணமான பெண் குருவுக்கு இடமாற்றம் வரும்போது அவர்தம் குடும்பத்தைக் குறித்து யார் சிந்திக்கின்றனர்? திருமண ஆலோசனைக்கென நம் முன்னே அமரும் இளைஞனிடம், “உன் மனைவியின் பணிக்காக நீ எதை விட்டுக்கொடுப்பாய்?” என்று வினவ நாம் ஆயத்தமா? ஏட்டிலிருந்து அந்த நிபந்தனை நீங்கிப் பல்லாண்டுகள் ஆயின. இல்லங்களிலிருந்து அதை நீக்கும் பணி ஆயரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.