ஐந்தாம் சேனலின் வேட்பாளர்

1972 நவம்பரில் வட கரோலினா மக்கள் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸை அமெரிக்க செனட்டுக்கு அனுப்பினார்கள். அந்த நூற்றாண்டில் அம்மாநில வாக்காளர்கள் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்த முதல் குடியரசுக் கட்சிக்காரர் அவர். அதே நாளில் நடந்த அதிபர் தேர்தலில் அவர் கட்சியின் நிக்சன் அங்கே 69 சதவீத வாக்குகளை அள்ளினார். அந்த அலையில்தான் ஹெல்ம்ஸும் 54 சதவீதத்துடன் கரையேறினார் என்று பலரும் எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவந்த கிழக்கு மாவட்டத்து புகையிலை விவசாயிகள் இவர் பக்கம் ஏன் சாய்ந்தார்கள்?

தடயம் கிடைத்தது சேப்பல் ஹில் பல்கலைக்கழக நூலகத்தில். ராலி நகரின் ஐந்தாம் சேனலான டபிள்யூ.ஆர்.ஏ.எல். தொலைக்காட்சியில் 1960 முதல் 1972 வரை ஹெல்ம்ஸ் 'வியூபாயின்ட்' என்ற பெயரில் தலையங்கம் வாசித்தார். மாலைச் செய்தியோடு ஐந்து நிமிடம். மறுநாள் காலை அதே பேச்சு மீண்டும். மொத்தம் ஏறத்தாழ 2,700. அவற்றின் எழுத்துப் பிரதிகள் அங்கே இருக்கின்றன.

1966 அக்டோபரில் அவர் கையிலெடுத்த விவகாரத்தைப் பாருங்கள். அதே சேப்பல் ஹில்லில் முதலாண்டு ஆங்கில வகுப்பில் ஆண்ட்ரூ மார்வெல் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு காதல் கவிதையையொட்டி மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஹெல்ம்ஸ் அதை ஒழுக்கக்கேடு என்று திரையில் தாளித்தார். பயிற்றுநரை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணைக்குப் பிறகே திரும்ப விட்டார்கள். அப்போது ஹெல்ம்ஸ் எந்தத் தேர்தலிலும் வேட்பாளர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். (அவர் ஓயாமல் வசைபாடிய பல்கலைக்கழகமே அவர் பேச்சைப் பத்திரமாக வைத்திருக்கிறது!)

அடுத்த தடயம் வரைபடம். ராலியின் ஒளிபரப்பு எட்டியது பெரும்பாலும் மாநிலத்தின் கிழக்குப் பகுதியை. மிச்சத்துக்கு 'டொபாக்கோ ரேடியோ நெட்வொர்க்' இருந்தது. அதே தலையங்கங்களை ஊர் ஊராக வானொலியில் கொண்டுசேர்த்தது. ஆனால் ஹெல்ம்ஸ் கட்சி மாறிய தேதிதான் முடிச்சை அவிழ்த்தது. 1970 வரை ஹெல்ம்ஸ் பதிவுபெற்ற ஜனநாயகக் கட்சிக்காரர். அந்த விவசாயிகள் பத்து வருஷமாகக் கேட்டது எதிர்க்கட்சிக் குரலை அல்ல, தங்கள் கட்சிக்காரனின் குரலை.

செனட்டுக்குப் போன பிறகும் அதே குரல்தானா என்று பார்க்க, செனட் நடவடிக்கைக் குறிப்புகளையும் புரட்டினேன். 1983 அக்டோபர் 3 அன்று மார்ட்டின் லூதர் கிங் பெயரில் தேசிய விடுமுறை அளிக்கும் மசோதாவை எதிர்த்து ஹெல்ம்ஸ் பேசினார். கிங்குக்குக் கம்யூனிஸ்டுத் தொடர்பு என்பதே சாரம். அறுபதுகளில் திரையில் சொன்ன அதே குற்றச்சாட்டு. மசோதா 78க்கு 22 என்று நிறைவேறியது.

நிக்சன் அலை உதவியது உண்மை. ஆனாலும் ஹெல்ம்ஸின் தேர்தல் பிரசாரம் 1960லேயே, ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் செலவில் தொடங்கிவிட்டது என்பதே என் முடிவு.