அரிஸ்டாட்டில் பார்த்த பாம்பு

சாகாமல் இருக்க ஒரு வழி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கில்கமேஷ் என்கிற மெசபடோமிய ராஜாவும் விடவில்லை. ஆழ்நீரில் மூழ்கி, கிழவனை வாலிபனாக்கும் செடி ஒன்றைப் பறித்து வந்தான். வழியில் ஒரு குளம். ஜில்லென்று தண்ணீர். குளிக்க இறங்கினான். வாசனை பிடித்து வந்த பாம்பு, செடியைக் கவ்விக்கொண்டு எடுத்தது ஓட்டம். போகிற போக்கில் சட்டையையும் உரித்துப் போட்டுவிட்டுப் போனது! பாவம், கில்கமேஷ் உட்கார்ந்து அழுதான்.

களிமண் பலகைகளில் எழுதி வைக்கப்பட்ட கதை இது. பாம்பு சட்டை உரிப்பதை மனிதன் எத்தனை காலமாகப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருக்கிறான், பாருங்கள்!

பொறாமையை ஒதுக்கிவிட்டு உற்றுப் பார்த்தவர், கி.மு. 4-ம் நூற்றாண்டு கிரேக்கரான அரிஸ்டாட்டில். சட்டை கண்ணிலிருந்துதான் கழல ஆரம்பிக்கிறது, விவரம் தெரியாதவர்கள் பாம்புக்குப் பார்வை போகிறது என்று நினைப்பார்கள் என்று எழுதினார். கழல்வது உதட்டோரத்தில்தான். ஆனால் முதல் அடையாளம் கண்ணில் என்பதை அன்றே பிடித்துவிட்டார் மனிதர்.

அடுத்து வந்தார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனாரே, அவரேதான். மங்கிய கண்ணைப் பாம்பு சோம்புச் செடியில் தேய்த்துத் தெளிவாக்கிக்கொள்கிறது என்றார். பாம்புக்கே நல்லதென்றால் நமக்கும் நல்லதுதானே? ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு நாம் மெல்லும் சோம்பு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கண் மருந்தாகவே இருந்தது!

உண்மையில் நடப்பது என்ன? பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி மாதிரி ஒரு செதில். பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் தயாரானதும் இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம் சுரக்கிறது. அப்போது கண் பால் கலந்த நீலமாகிவிடும். சில நாளில் தெளியும். அதற்கப்புறம்தான் சட்டை கழலும், உள்பக்கம் வெளியே வர, காலுறையைக் கழற்றுவது போல.

வெளிநாடுகளில் பால் பைதான் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்பைச் செல்லமாக வளர்க்கிறார்கள். பரம சாது. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஆனால், அந்த நீலக்கண் நாட்களில் அதைக் கையில் எடுக்காதீர்கள் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். கண் சரியாகத் தெரியாதபோது, வருவது எஜமானரா எதிரியா என்று அதற்கு எப்படித் தெரியும்? கடித்துவிடலாம். புதுத் தோலும் இன்னும் பக்குவப்பட்டிருக்காது.

இதைவிட ஆபத்து, 'உதவி செய்கிறேன்' என்று நாமே உரித்துவிடுவது. கண்மேல் தங்கிய செதிலைப் பிய்த்தால் கண்ணே போகலாம். அதேசமயம், வால் நுனியில் வளையமாகத் தங்கிய பழைய தோலைக் கவனிக்காமலே விட்டாலும் அது இறுகி, ரத்த ஓட்டம் நின்று, நுனி அழுகிவிடும். பெரும்பாலும் காரணம், காற்றில் ஈரம் போதாததுதான். ஈரப்பாசி வைத்த ஒரு பெட்டி, நல்ல தண்ணீர், தொந்தரவில்லாத சில நாட்கள்... அதற்கு வேண்டியது இவ்வளவே. அப்புறமும் ஒட்டியிருந்தால் கால்நடை மருத்துவர்.

'நாமும் ஒன்று வளர்த்தால் என்ன?' என்று யோசிக்கிறீர்களா? 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வளர்க்க முடியாது. பால் பைதான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் திருத்தம் வந்தது. பெட்டிக்குள் ஒளித்துக் கடத்தி வரப்பட்ட இந்த மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள்.

சட்டை உரிக்கிற பாம்பைக் கண்டு சாகாவரம் என்றான் ஒருவன். மருந்து என்றார் இன்னொருவர். அது கேட்பதோ ஒன்றே ஒன்று: கொஞ்ச நாள் என்னைத் தொடாதே!