சிறைவாசலுக்கு இப்புறம்

பூஜப்புரை என்றவுடன் திருவனந்தபுரத்தார்க்கு நினைவில் எழுவது சிறைச்சாலையே. 1886-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நிறுவிய அம் மத்தியச் சிறையின் மதிலைக் கரமனையிலும் வலியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்கள் நன்கறிவர். அம் மதிலுக்குள் நடப்பவற்றைப் பற்றிக் கதைகள் பல வழங்குகின்றன. ஆனால், ஒருவன் அதற்குள் போகாதிருக்கும்படி உழைப்பதையே கடமையாகக் கொண்ட ஓர் அலுவலர் உண்டென்பது நம்மிற் பலர்க்குத் தெரியாது. அவரை நன்னடத்தை அலுவலர் என்கிறோம். மலையாளத்தார் இம்முறையை ‘நல்லநடப்பு’ என்பர். அச்சொல் நம் செவிக்கு அந்நியமன்று. ‘புரொபேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லோ சோதித்துப் பார்த்தலைக் குறிக்கும் வேரினின்றும் பிறந்தது. நம் இரு மொழிகளும் சோதிப்பவனை விட்டு நடப்பவனைக் குறித்துப் பெயரிட்டன. இவற்றுள் நம் பெயரே மேலானதென்பது நமது கருத்து.

இப்பணியின் முதல்வர் அரசாங்க அதிகாரி அல்லர், செருப்புத் தைப்பவர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1841-இல் ஜான் அகஸ்டஸ் என்பவர் நீதிமன்றம் சென்றிருந்தார். குடித்துத் திரிந்த குற்றத்திற்காக ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் இனிக் குடிப்பதில்லை என்று உறுதி கூற, அகஸ்டஸ் தாமே அவனுக்குப் பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அவன் வந்தபோது அவனை அடையாளம் காண்பதே அரிதாயிற்று. நீதிபதி ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் விதித்து அவனை விடுத்தார். அதன்பின் அகஸ்டஸ் தம் கடையை மறந்து நீதிமன்றமே கதியாகிவிட்டார். 1859-இல் அவர் மறைவதற்குள் ஏறத்தாழ 1,900 பேருக்குப் பிணை நின்றிருந்தார். அவருடைய தொழில் நலிந்தது. ஆளைச் சிறைக்குக் கொண்டுசெல்வதற்குக் கூலி பெற்றுவந்த நீதிமன்றச் சேவகர்களும் அவரைப் பகைத்தார்கள்; கருணையால் வருமானம் குறையுமாயின் கருணை பிடிக்காது போவது எந்நாட்டிலும் இயல்பே. மாசசூசெட்ஸ் மாநிலம் இதனைச் சட்டமாக்கியது 1878-இல், இங்கிலாந்து 1907-இல். அறிவுரை கூறுதல், உதவுதல், நண்பனாதல் என்னும் மூன்றையும் அலுவலரின் கடமைகளாக இங்கிலாந்தின் சட்டம் வகுத்தது. நண்பனாயிரு என்று ஓர் அரசாங்கச் சட்டம் கட்டளையிடுவது வியப்பன்றோ!

நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமே முதற் குற்றவாளியை நன்னடத்தைப் பிணையின்பேரில் விடுவிக்கலாம் என்று இடமளித்தது. ஆனால் விடுவித்தபின் அவனைக் கவனிக்க ஆள் இல்லை. வெறும் கையெழுத்து ஒருவனைத் திருத்துமா? 1919-20-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்த இந்தியச் சிறைக் குழு, சிறையின் நோக்கம் திருத்துதலாதல் வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் வழியிற் சென்ற மாகாணங்களுள் சென்னை முன்னணியில் நின்றது. நன்னடத்தைக்கெனத் தனிச் சட்டத்தை 1936-இல் இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் 1958-இல் தான் வந்தது.

திருவிதாங்கூரின் வரலாறு சற்று வேறு. சர் சி. பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த 1944-இல், ஒருசில குற்றங்கள் நீங்கலாக மரண தண்டனையை ஒழித்த சமஸ்தானம் அது. பிற்பாடு இந்தியச் சட்டங்கள் அங்கும் பரவியபோது அத்தண்டனை மீண்டும் வந்தது. கேரள மாநிலம் அமைந்தபின் 1957-இல் பதவியேற்ற முதல் அமைச்சரவையில் சட்டம், சிறை முதலிய துறைகளைப் பொறுப்பேற்றவர் வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்தவர். 1948-இல் தாமே ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் இருந்தவர். பூட்டின் ஒலியை உள்ளிருந்து கேட்டவர் சிறை மந்திரியாவது நாட்டுக்கு நல்லதே. பின்னர் உச்ச நீதிமன்றத்தில் 1973 முதல் 1980 வரை அமர்ந்து, தண்டிப்பதிலும் திருத்துவதே பெரிதென்று தீர்ப்புக்களில் எழுதினார். அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 15-ஐக் கேரள அரசின் சமூகநீதித் துறை இன்று நன்னடத்தை நாளாகக் கொண்டாடுகிறது. நெட்டுகால்தேரியில் 1962-இல் மதிலற்ற திறந்தவெளிச் சிறை தோன்றியதும் இவ்வெண்ணத்தின் தொடர்ச்சியே எனலாம்.

இனி, அவ்வலுவலரின் அன்றாட வேலையைக் காண்போம். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன், கல்லாப்பெட்டியிலிருந்து பணம் எடுத்துப் பிடிபட்டான் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தொரு வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு அனுப்புவதாயின், அதற்குரிய காரணத்தை நீதிபதி எழுதியாக வேண்டும். அலுவலரின் அறிக்கையையும் கேட்டாக வேண்டும். ஆகவே வஞ்சியூர் நீதிமன்றத்திலிருந்து அலுவலருக்கு உத்தரவு வரும். அவர் இளைஞனின் வீட்டுக்குச் செல்வார். தந்தை குடிப்பவரா, தாய்க்கு நோயா, கடன் யாரிடம், பள்ளி எப்போது நின்றது, அவனை நம்பி மீண்டும் வேலை தருவார் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார். அந்த அறிக்கையை இரகசியமாகவே போற்ற வேண்டும். அதனை ஏற்றால், மூன்றாண்டுக்கு மேற்படாத பிணையில் நீதிமன்றம் அவனை விடும். மேற்பார்வை ஓராண்டேனும் நீடிக்கும்.

உண்மையான வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அவனுக்குத் தகுந்த தொழில் தேடித்தர முயல்வதும் சட்டப்படி அலுவலரின் கடமையே. முதலாளியின் வாசலில் நின்று, ‘இவன் திருடினான், ஆயினும் இவனை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்பதற்கு எத்துணை மனவலிமை வேண்டும்! அவன் நிபந்தனையை மீறினால் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேண்டியவரும் இவரே. நண்பரும் இவர், ஒற்றரும் இவர் என்ற இந்த இரட்டை வேடமே இப்பணியின் பெரிய இடர்ப்பாடு. முதல் தவறாயின் 50 ரூபாய்க்கு மேற்படாத தண்டத்தோடு நீதிமன்றம் பொறுக்கலாம் என்று சட்டம் இடம் வைத்திருப்பது, மனிதன் ஒரே நாளில் திருந்தமாட்டான் என்பதை அறிந்தவர்கள் அதனை எழுதினர் என்பதற்குச் சான்று.

மருத்துவனுக்குப் பிழைத்த நோயாளி வந்து நன்றி கூறுவான். இவர்க்கோ வெற்றியென்பது ஒருவன் திரும்பி வராமையே. திருந்தியவன் தெருவில் இவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். உடன் வரும் மனைவிக்குப் பழைய கதை தெரியாதிருக்கக் கூடும். அவன் அவ்வாறு போகும்போது மனம் மகிழக் கற்றவரே இவ்வேலைக்கு உரியவர். இத்தீர்ப்பினால் உத்தியோகம் முதலியவற்றுக்கு எந்தத் தகுதிக்குறைவும் நேராது என்று சட்டமும் அவன் பழமையை மறக்கத் துணைசெய்கிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நன்னடத்தைப் பிணை கேட்பவனுக்கோ அவன் பிணையாளிக்கோ நிலையான இருப்பிடமோ முறையான தொழிலோ அந்நீதிமன்ற எல்லைக்குள்ளோ, அவன் அக்காலத்தில் வாழப்போகும் ஊரிலோ இருத்தல் வேண்டும் என்பது விதி. பிழைப்புத் தேடிவந்து கடைத்திண்ணையில் உறங்கும் தமிழ்ப் பையனுக்கு ஏது இருப்பிடம்? அலுவலர் மலையாளத்தில் வினவுவார். அவன் பாதி விளங்கிப் பாதி விளங்காமல் தலையசைப்பான். குற்றம் சிறிதாயினும் முகவரி இன்மையால் அவன் மதிலுக்குள் போகக்கூடும். தமிழ்நாட்டில் நன்னடத்தைப் பிரிவு சிறைத்துறையைச் சார்ந்தது. கேரளத்தில் சமூகநீதித் துறையைச் சார்ந்தது. ஆகவே நம்மவர் தேடிச்செல்ல வேண்டிய கதவும் ஊருக்கு ஊர் மாறும். திருவனந்தபுரத்தில் மாவட்ட நன்னடத்தை அலுவலரிடம் ஒரு தமிழ்ச் சங்கத்தாரோ வணிகரோ சென்று, ‘இப்பையன் எங்கள் கடையில் தங்குவான், நான் பிணை நிற்கிறேன்’ என்று கூறுவாராயின், அவ்வறிக்கையின் கடைசிப் பத்தி வேறுவிதமாக எழுதப்படும்.